குறுஞ்சொற்களின் ஒப்புமையும் அவற்றின் தனித்தனி வரலாறும்

ஒன்றோடொன்று எவ்வகை உறவும் இல்லாத மொழிகளில் ஓரசையாலும் ஈரசையாலும் ஆன சொற்கள் ஒலியால் ஒத்திருப்பதும், அவ்வொப்புமையைச் சான்றாகக் காட்டி அம்மொழிகள் ஒரே தாய்வழிப்பட்டவை என்று முடிவுகட்டுவதும் மொழியாராய்ச்சி தோன்றிய நாள்தொட்டு இருந்துவருகின்றன. இரு மொழிகளில் காணப்படும் ஒத்த சொற்களுக்கு நான்கு வகைக் காரணங்கள் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே முன்மொழியிலிருந்து வழிவழியாக வந்த உறவுச்சொற்களாக இருக்கலாம். ஒரு மொழி மற்றொன்றிடமிருந்து பெற்ற கடன்சொல்லாக இருக்கலாம். குழந்தையின் மழலையோ இயற்கை ஒலியோ இரண்டிடத்தும் ஒரே வகைச் சொல்லைப் பிறப்பித்திருக்கலாம். இவை எதுவும் இன்றித் தற்செயலாகவும் ஒலி பொருந்தியிருக்கலாம். நீண்ட சொற்களில் தற்செயலுக்கு இடம் மிகக் குறைவு. குறுஞ்சொற்களிலோ அதுவே முதன்மையான காரணமாக நிற்கிறது என்பதும், ஆயினும் அதுவே பெரும்பாலும் கடைசியாக எண்ணிப் பார்க்கப்படுகிறது என்பதும் இத்துறையின் நெடுங்காலக் குறை.

தமிழ் இலக்கண மரபு குறுஞ்சொல்லைத் தனி வகையாகவே கண்டது. ஓரெழுத்து ஒருமொழி, ஈரெழுத்து ஒருமொழி, இரண்டிறந்து இசைக்கும் தொடர்மொழி என்று தொல்காப்பியம் சொற்களை அளவால் பகுத்ததோடு, நெட்டுயிர் ஏழும் தனித்துச் சொல்லாக நிற்கும் என்றும், குற்றுயிர் ஐந்தும் அவ்வாறு நிறைந்து நில்லா என்றும் வரையறுத்தது. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புடைய ஓரெழுத்துச் சொற்கள் 42 எனத் தொகுத்தபோது, அவற்றுள் 40 நெடிலாகவும் 'நொ', 'து' என்னும் இரண்டே குறிலாகவும் அமைந்தன. ஒரு சொல் தனித்து நிற்க வேண்டுமாயின் அதற்குக் குறைந்தது இரண்டு மாத்திரை அளவு வேண்டும் என்னும் கட்டுப்பாடு உலகின் பல மொழிகளில் உண்டு என்று இக்கால ஒலியியல் கூறுவதைத் தொல்காப்பியர் தம் மொழியளவில் முன்னரே கண்டுணர்ந்தார் எனலாம். ஜப்பானிய மொழியில் கண்ணைக் குறிக்கும் 'மெ', கையைக் குறிக்கும் 'தெ' ஆகியவை பொதுவழக்கில் குறிலாகவே நின்றாலும், ஒசாகா, கியோத்தோ வட்டாரப் பேச்சில் 'மே', 'தே' என நீண்டு ஒலிப்பது இக்கட்டுப்பாட்டின் வலிமையைக் காட்டும்.

குறுஞ்சொற்களின் தற்செயல் ஒப்புமைக்குக் 'கை' என்னும் ஒலிவடிவம் மிகச் செழிப்பான எடுத்துக்காட்டு. தமிழில் அது உடலுறுப்பு. நியூசிலாந்தின் மாவோரி மொழியில் அது உணவு. ஹவாய் மொழியில் கடல். ஜப்பானிய மொழியில் சிப்பி. தாய்லாந்து மொழியில் கோழி. பழைய கிரேக்கத்தில் 'உம்' என்னும் இணைப்பிடைச்சொல். ஜெர்மன் மொழியில் துறைமுகத்தில் கப்பல் அணையும் மேடை. பட்டியல் இவ்வளவோடு நின்றுவிட்டால் இது வெறும் வியப்பு. ஒவ்வொரு சொல்லும் கடந்துவந்த வழியைத் தேடும்போதுதான் பொருள் விரிகிறது. தமிழ்க் 'கை'க்குத் தெலுங்கில் 'செய்யி', கன்னடத்தில் 'கை', ஜார்க்கண்ட் பகுதியில் பேசப்படும் குருக்கு மொழியில் தொண்டையடியிலிருந்து எழும் முதலொலியுடன் 'கெக்கா' என வடிவங்கள் உண்டு; இவற்றை அடுக்கிப் பார்த்தே தொல்திராவிடத்தில் 'கய்' என்பதுபோன்ற வடிவம் இருந்தது என முடிவு செய்யப்படுகிறது. ஜப்பானியச் சிப்பிச் சொல்லோ எட்டாம் நூற்றாண்டில் 'கபி' என ஒலித்தது. இடையிலிருந்த பகரம் காலப்போக்கில் மெலிந்து மறைந்தபின்தான் அது 'கை' ஆயிற்று. அதே மொழியில் கூட்டம் என்னும் பொருளில் வழங்கும் மற்றொரு 'கை' சீனத்திலிருந்து வந்த கடன். ஜெர்மன் சொல் டச்சு வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் வந்தது. அதன் வேர் பண்டைய கால் நாட்டின் கெல்திய மொழியில் கிடக்கிறது.

இவற்றினும் கருத்தில் கொள்ளத்தக்கது மாவோரியும் ஹவாயும் தரும் சான்று. இவ்விரண்டும் பாலினேசியக் கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவுமொழிகள். உறவுமொழிகளில் ஒரே ஒலியுடைய சொற்கள் இருப்பின் அவை உறவுச்சொற்களாகவே இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் மாவோரியின் உணவுக்கும் ஹவாயின் கடலுக்கும் வேர் வேறு. ஹவாய் மொழியில் பழைய தகரம் ககரமாயிற்று. பழைய ககரம் குரல்வளையில் காற்றை ஒரு கணம் நிறுத்தும் ஒலியாகத் தேய்ந்தது. எனவே மாவோரியில் கடலலையையும் கடற்கரையையும் குறிக்கும் 'தை' ஹவாயில் 'கை' ஆயிற்று. மாவோரியில் உணவைக் குறிக்கும் 'கை' ஹவாயில் குரல்வளை நிறுத்தொலியுடன் 'ஐ' என நிற்கிறது. உண்ணுதலைக் குறிக்கும் தகலாக் மொழியின் 'காயின்' மாவோரிக் 'கை'க்கு உறவு. ஏரியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'தாசிக்' ஹவாயின் 'கை'க்கு உறவு. ஒத்து ஒலிப்பவை உறவல்ல என்பதும், உறவானவை ஒத்து ஒலிக்க வேண்டுவதில்லை என்பதும் இந்த ஓர் இணையாலேயே விளங்கும்.

இத்தகைய பொருத்தங்கள் ஏன் இவ்வளவு மலிந்திருக்கின்றன என்னும் வினாவுக்கு விடை எண்கணக்கில் இருக்கிறது. ஒரு மொழி பொருளை வேறுபடுத்தப் பயன்படுத்தும் ஒலியலகு ஒலியன் எனப்படும். ஹவாய் மொழியில் மெய்யொலியன்கள் எட்டே. சீனப் பொதுமொழியில் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளன. ப, த, க, ம, ந ஆகியவையும் அ, இ, உ ஆகியவையும் மிகப் பெரும்பாலான மொழிகளில் ஏதேனும் ஒரு சாயலில் இடம்பெறுகின்றன. பத்து மெய்களும் ஐந்து உயிர்களும் சேர்ந்து 50 அசைகள் அமையும் இரண்டு மொழிகளைக் கற்பனையாகக் கொண்டு, ஒவ்வொன்றும் அவற்றுள் 30 அசைகளைத் தனிச்சொல்லாக ஆள்வதாக வைத்துக்கொண்டால், குறைந்தது 10 வடிவங்கள் இரண்டுக்கும் பொதுவாக அமைந்தே தீரும். சராசரியாக எதிர்பார்க்கத்தக்கவை 18. பொருளும் ஒத்துவர வேண்டும் என்று கட்டுப்பாட்டை இறுக்கினாலும் தற்செயல் முற்றும் நீங்குவதில்லை. 100 அடிப்படைப் பொருள்களுக்கு இரு மொழிகளும் இந்த 50 அசைகளிலிருந்தே பெயரிட்டால், ஒலியும் பொருளும் முழுதும் ஒத்த இணைகள் சராசரியாக இரண்டு கிடைக்கும். உயிரெழுத்தைப் பொருட்படுத்தாமல் மெய் மட்டும் ஒத்தால் போதும் என்று தளர்த்தினால் அவை பத்தாகும். ஈரசைச் சொற்களிலோ வடிவங்கள் 2,500 ஆகப் பெருகிவிடுவதால் முழுப்பொருத்தத்துக்கான எதிர்பார்ப்பு ஒன்றில் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அமெரிக்க மொழியியலாளர் டான் ரிஞ்ச் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய நிகழ்தகவுக் கணக்கை முறைப்படுத்தி, பெருந்தொகையான மொழிகளை ஒரே நேரத்தில் ஒப்பிடுவோர் கண்டெடுக்கும் ஒப்புமைகள் தற்செயலின் எல்லையைத் தாண்டவில்லை என்று காட்டியது.

எண்கணக்கோடு தேய்மானமும் சேர்கிறது. அடிக்கடி வழங்கும் சொற்கள் குறுகியவையாக இருக்கும் என்பதை ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1930-களில் புள்ளிவிவரங்களால் நிறுவினார். நாவில் ஓயாது புழங்கும் சொல் தேய்கிறது. தமிழில் 'பெயர்' 'பேர்' ஆனதும், 'பகுதி' 'பாதி' ஆனதும் இவ்வகை. பிரெஞ்சு மொழியில் நீரைக் குறிக்கும் சொல் இன்று வெறும் 'ஓ' என்று ஒலிக்கிறது. அது இலத்தீன் 'அக்வா'வின் தேய்ந்த வடிவம். ஸ்வீடிய, நார்வேய மொழிகளில் 'ஓ' என்றால் சிற்றாறு. நார்வேயின் லொஃபோத்தன் தீவுகளில் இந்த ஓரெழுத்தையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று உண்டு. இச்சொல் பழைய ஜெர்மானியக் கிளைவழி வந்தது. அக்வாவுக்கும் அதற்கும் முன்னோர் ஒன்றே. ஆயினும் பிரெஞ்சு தன் வழியிலும் ஸ்காண்டிநேவிய மொழிகள் தம் வழியிலும் தனித்தனியே நடந்தே ஓகாரத்தை அடைந்தன. தமிழிலும் 'ஓ' என்னும் ஓரெழுத்துச் சொல் உண்டு; மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகை என்பது அதன் பொருள். மூன்றும் நீரோடு தொடர்புடையன, மூன்றும் ஒரே ஒலியுடையன; ஆனால் தமிழ் 'ஓ'வுக்கும் ஏனைய இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. உறவும் தற்செயலும் ஒரே ஒலியில் இவ்வளவு நெருங்கிக் கலந்து நிற்கும் இடங்கள் அரியவை. சான்றாகக் கொள்ளத்தக்கது ஒலியின் இன்றைய முகம் அன்று, அது வந்த வழி என்பதற்கு இதனினும் தெளிவான இடம் காண்பது கடினம்.

பொருளும் ஒலியும் முழுதும் பொருந்திய தற்செயல்களுள் மொழியியல் நூல்கள் தவறாது குறிப்பிடுவது ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் வழங்கிய ம்பபரம் மொழிச்சொல். அம்மொழியைக் கடைசியாக அறிந்திருந்த முதியவர்களிடமிருந்து 1960-களில் அதைப் பதிவுசெய்த ஆர். எம். டபிள்யூ. டிக்சன், நாய்க்கு அவர்கள் கூறிய சொல் ஆங்கிலத்தைப் போலவே 'டாக்' என ஒலிப்பதைக் கண்டார். ஆங்கிலக் கடனோ என்னும் ஐயத்தை உறவுமொழிகள் தீர்த்தன. பக்கத்து யிதிஞ் மொழியில் நாய்க்குக் 'குடக' என்று பெயர். ம்பபரம் மொழி தன் பழைய சொற்களின் முதலொலிகளை ஒழுங்காக இழந்த மொழி. அந்த ஒழுங்கின்படி முதலும் ஈறும் உதிர்ந்து நடு உயிரும் திரிந்தபின் எஞ்சியதே அந்த வடிவம். ஆங்கிலச் சொல்லின் தொடக்கமோ இன்னும் தெளிவுபடவில்லை. பழைய ஆங்கிலத்தில் நாய்க்குரிய பொதுச்சொல் 'ஹுண்ட்' என்பதாகவே இருந்தது. தீமையைக் குறிக்கும் ஆங்கிலப் 'பேட்', பாரசீகப் 'பத்' ஆகியவையும் இத்தகையன. பாரசீகச் சொல் இடைக்காலத்தில் 'வத்' என வகர முதலாக இருந்தது என்பதை அறிந்தவுடன் ஒப்புமை கலைந்துவிடுகிறது. கண்ணுக்கு மலாயில் 'மாத்தா' என்றும் இக்காலக் கிரேக்கத்தில் 'மாத்தி' என்றும் வழங்குவதும் அவ்வாறே. மலாய்ச் சொல் தைவான் முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்த ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் பழஞ்சொல். கிரேக்கச் சொல் 'ஓம்மாத்தியோன்' என்னும் நீண்ட வடிவம் முன்னும் பின்னும் தேய்ந்ததால் வந்தது. ஒலி நெருங்கிப் பொருள் எதிராக நிற்பதும் உண்டு: 'நெ' என்பது கிரேக்கத்தில் ஆம், அதன் வடக்கெல்லையில் பேசப்படும் பல்கேரிய மொழியில் இல்லை.

உறவுமொழிகளுக்குள்ளும் கண் ஏமாறும் என்பதற்குக் கடவுளைக் குறிக்கும் கிரேக்கத் 'தியோஸ்', இலத்தீன் 'தேயுஸ்' ஆகிய இரண்டும் சான்று. இலத்தீனின் சொல்முதல் தகரத்துக்குக் கிரேக்கத்திலும் அதே தகரமே நேராக நிற்க வேண்டும். பத்தைக் குறிக்கும் 'தெகெம்', 'தெகா' ஆகியவற்றில் அவ்வாறே நிற்கிறது. கிரேக்கத் 'தியோஸ்' மூச்சொலி கலந்த வேறொரு தகரத்தில் தொடங்குவது. அதற்கு நேரான இலத்தீன் ஒலி 'ஃப'. ஆகவே 'தேயுஸ்' வடமொழித் 'தேவ' என்பதற்கு உறவாகி, 'தியோஸ்' என்பதற்கு அயலாகிறது.

இவ்வாறு ஒரு மொழியின் ஓர் ஒலிக்கு மற்றொரு மொழியின் இன்ன ஒலி தொடர்ந்து நேர்நிற்கும் என்று பல சொற்களால் நிறுவுவதே ஒப்பியல் முறை. யாக்கோப் கிரிம் 1822-இல் ஜெர்மானிய மொழிகளுக்கு இதை விரிவாகச் செய்தார். சென்னையில் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816-இலேயே தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அடுக்கித் தென்னிந்திய மொழிகளின் தனிக்குடும்ப உறவைக் காட்டினார். கால்டுவெல் 1856-இல் அதை முழுமையான ஒப்பிலக்கணமாக விரித்தார். தமிழ்ப் 'பால்', 'பல்', 'புலி', 'பூ', 'பத்து' ஆகியவற்றுக்குக் கன்னடத்தில் 'ஹாலு', 'ஹல்லு', 'ஹுலி', 'ஹூவு', 'ஹத்து' என்று நிற்பது இம்முறையின் வலிமையை எவருக்கும் உடனே உணர்த்தும். தனித்தனியே இவை அனைத்தும் குறுஞ்சொற்களே. ஆயினும் சொல்முதலில் பகரம் வரும் இடத்தில் ஹகரம் வருகிறது என்னும் ஒழுங்கு தற்செயலால் அமையாதது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருப்பது அதற்கு எழுத்துச் சான்று. ஆர்மீனிய மொழியில் இரண்டைக் குறிக்கும் 'எர்கு' இலத்தீன் 'துவோ'வின் உறவுச்சொல் என்பது கேட்பவருக்கு நம்ப முடியாததாகத் தோன்றும். ஆனால் அதே ஒலிமாற்றம் ஆர்மீனியத்தின் வேறு சொற்களிலும் ஒழுங்காகக் காணப்படுவதை அந்துவான் மெய்யே எடுத்துக்காட்டியபின் அது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று.

முறைப்பெயர்கள் இவ்வாராய்ச்சியில் தனியே வைத்து எண்ணத்தக்கவை. மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் உலக மொழிகளிலிருந்து தாய், தந்தை ஆகியோரைக் குறிக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் திரட்டினார். அத்தொகுப்பை எடுத்துக்கொண்ட ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில், பால்குடிக்கும் குழந்தை வாய்மூடி எழுப்பும் மூக்கொலியே தாயை அழைக்கும் மகரச் சொல்லாகப் பெற்றோரால் பொருள்கொள்ளப்பட்டது என விளக்கினார். தமிழ் 'அம்மா', 'அப்பா', கொரிய 'ஒம்மா', 'அப்பா', ஹீப்ரு 'இமா', 'அபா' ஆகியவற்றின் ஒப்புமை இதனால் விளங்குமே அன்றி, மூன்று மொழிகளும் உறவு என்பதால் அன்று. மழலை ஒலியைத் தரும். பொருளை வைப்பது சமூகம். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தெதா' என்றால் தாய். தமிழிலும் தெலுங்கிலும் 'மாமா' தாயுடன் பிறந்தவர். 'தாத்தா' தமிழ்நாட்டில் பாட்டனார், சிங்களத்தில் தந்தை, இலங்கை முஸ்லிம்களின் தமிழில் அக்காளை அழைக்கும் சொல். 'தாதா' இந்தியில் தந்தையின் தந்தை, வங்காளத்தில் அண்ணன், ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் சகோதரி. 'காக்கா' எனத் தமிழ்க் குழந்தை அழைப்பது பறவையை. கீழக்கரை முஸ்லிம்கள் அச்சொல்லால் அழைப்பது அண்ணனை. 'காகா' மராத்தியில் சிற்றப்பா, சுவாஹிலியில் சகோதரன், மாவோரியில் ஒரு கிளிவகை. இவ்வரிசையில் பறவைப் பெயர்கள் கரையும் ஒலியைப் போலி செய்தவை; ஏனையவை ஒரே அசையை இரட்டிக்கும் மழலை இயல்பால் ஆனவை. உறவை நிறுவ முயல்வோர் இவ்வகைச் சொற்களை முதலிலேயே ஒதுக்கிவைப்பது நெறி.

ஒலிக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு உண்டோ என்னும் பழைய வினா இவ்விடத்தில் எழுகிறது. 2016-இல் தமியான் பிளாசியும் பிறரும் உலக மொழிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் சொற்பட்டியல்களை ஆராய்ந்து, மூக்கைக் குறிக்கும் சொற்களில் நகரமும் நாக்கைக் குறிக்கும் சொற்களில் லகரமும் எதிர்பார்ப்பை விட மிகுதியாக வருகின்றன என்று காட்டினர். இது பெரும்பான்மைச் சாய்வே அன்றி விதியன்று. தமிழ் 'நா'வில் லகரம் இல்லை, 'மூக்கு' நகரத்தில் தொடங்கவும் இல்லை.

கடன்சொல்லின் தடம் பெரும்பாலும் வணிகத்தையும் கடல்வழியையும் ஒட்டிக் கிடப்பதால் அதைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் எளிது. தேயிலையின் 'தே' தென்சீனத்து அமோய்த் துறைமுகப் பேச்சிலிருந்து டச்சு வணிகரால் பரவிய சொல். 'சாயா' என்பதன் 'சா' அதே பயிருக்குச் சீனத்தின் பிற பகுதிகளில் வழங்கும் பெயர். நன்னூலார் தொகுத்த ஓரெழுத்துச் சொற்களுள் கடவுளைக் குறிக்கும் 'தே' இதற்கு எவ்வகையிலும் தொடர்பற்றது. மலாயில் வழங்கும் 'காப்பால்', 'கெடை' ஆகியவை தமிழின் 'கப்பல்', 'கடை' என்பதும் இவ்வகையில் ஐயமற நிறுவப்பட்டதே.

தமிழை மையமாகக் கொண்ட உறவுக் கோட்பாடுகளை இப்பின்னணியில் மதிப்பிடுவது இன்றியமையாதது. ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஜப்பானின் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு காணப் பல ஆண்டுகள் உழைத்தார். ஞா. தேவநேயப் பாவாணர் தமிழே உலக முதன்மொழி என நிறுவ முயன்று 1966-இல் ஆங்கிலத்திலும் நூல் வெளியிட்டார். இவர்களின் உழைப்பும் மொழிப்பற்றும் போற்றத்தக்கன. பாவாணர் தமிழ்ச் சொற்களின் உள்ளுறவுகளைத் தேடித் திரட்டிய செல்வம் இன்றும் பயன்படுவது. ஆயினும் பிறமொழி ஒப்பீடுகளில் இவர்கள் காட்டிய சான்றுகள் ஒழுங்கான ஒலிநேர்மையால் தாங்கப்படவில்லை என்பதால் மொழியியலாளரில் பெரும்பாலோர் அவற்றை ஏற்கவில்லை. கொரிய 'நா'வும் தமிழ் 'நான்' என்பதும் தன்மை ஒருமையில் ஒத்திருப்பது இன்றும் பெருமிதத்தோடு எடுத்துக்காட்டப்படுகிறது. சங்கப் பாடல்களில் பெருவழக்காக நிற்பதோ 'யான்'. தொல்காப்பியம் தன்மை ஒருமைக்கு அதையே கூறுகிறது. 'யான்', 'நான்' இரண்டையும் சேர்த்துச் சொல்வது பிற்பட்ட நன்னூல். தொல்திராவிட வடிவமும் 'யான்' என்பதே. நகரம் பிற்காலத்தில் ஏறியது என்றால், ஒப்புமைக்கு உயிராக இருந்த ஒலியே பழமையற்றதாகிவிடுகிறது. இக்குறை தமிழ் ஆர்வலர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மெரிட் ரூலனும் ஜான் பெங்ட்சனும் 1994-இல் 27 உலகப் பொதுவேர்களை முன்வைத்து, விரலையும் ஒன்றையும் குறிக்கும் 'திக்' போன்ற குறுவடிவங்களை எல்லாக் கண்டங்களிலும் தேடியபோதும் இதே தடுமாற்றமே நேர்ந்தது. பொருளையும் ஒலியையும் தளர்த்தத் தளர்த்த எதுவும் எதனோடும் பொருந்திவிடும்.

குறுஞ்சொல்லின் வரலாற்றை உறுதியாகச் சொல்ல உறவுமொழிகளின் சான்று போல் துணைசெய்வது வேறில்லை. ம்பபரம் சொல்லின் உண்மை யிதிஞ் மொழியால்தான் வெளிப்பட்டது. திராவிடச் சொற்களுக்குப் பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய வேர்ச்சொல் அகராதி அத்தகைய சான்றுகளின் பெருந்தொகுப்பு. எனினும் தோடா, கோத்தா, கொலாமி, கதபா, மால்தோ போன்ற சிறுமொழிகளைப் பேசுவோரின் இளைய தலைமுறை பெருமொழிகளுக்கு மாறிவருகிறது. தமிழின் தொன்மையை நிறுவ விரும்பும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும், தொலைநாட்டு மொழிகளில் ஒத்த ஒலிகளைத் தேடுவதினும், நீலகிரியிலும் கோதாவரிக் கரையிலும் ராஜ்மகால் குன்றுகளிலும் இன்னும் வழங்கும் இம்மொழிகளின் சொற்களை, அவற்றைப் பேசும் முதியோர் வாழும்போதே முழுமையாகப் பதிவுசெய்ய முன்வர வேண்டும்.